வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்கள்

இந்த நாட்டுக்கு வந்த பிறகு, நெடுநாளாக ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் என் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. வேலைக்கு ஏற்றிப்போகும் வானுக்காகத் தெருமுனையில் நிற்கும்போது சட்டைப்பைக்குள் போன் ஒருமுறை நடுங்கும். எடுத்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் கேள்வி இருக்கும். உங்கள் பிள்ளைகள் இன்று காலை என்ன சாப்பிட்டார்கள்? கீழே சின்னச் சின்னக் கட்டங்கள். பால் ஊற்றிய தானியம், பாண், முட்டை, பழம், வேறு. என் எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பனி வழிக்கும்போது அவர் கையை உயர்த்துவார், நானும் உயர்த்துவேன், அதோடு சரி. ஆனால் முகமில்லாத ஒருவர் என் வீட்டுக் காலைச் சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார். முதல் நாட்களில் எனக்குக் கண் கலங்கியதும் உண்டு.

மன்னாரில் இருக்கும் பிள்ளைகளே, உங்களில் சிலருக்கும் அப்பா போனுக்குள்தான் இருப்பார். அப்படியான பிள்ளைகள் வாசிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படித்தவன் இல்லை. பேசாலையில் கடலுக்குப் போனவன். மனைவி றீற்றாவும் மகள் அனிற்றாவும் மகன் யூட்டும் அங்கேதான் இருக்கிறார்கள். யூட் தவழ்ந்த காலத்தில் நான் புறப்பட்டேன், இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். கனடாவில் என் அகதி வழக்கு முடியும்வரை நான் அங்கே போகவும் முடியாது, அவர்களை இங்கே கூப்பிடவும் முடியாது. மகளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை செய்வது ஒரு காளான் பண்ணையில். றொறன்ரோவிலிருந்து தள்ளி, சோள வயல்களுக்கு நடுவே நீளமான கட்டடங்கள். உள்ளே பகலும் இல்லை, இரவும் இல்லை. கட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோலக் கறுத்த மண் படுக்கைகள் கூரைவரைக்கும் போகும். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவற்றுக்கிடையில் ஊர்வோம். நேற்றுப் பொத்தானாக இருந்தது இன்று கைக்குழந்தையின் குதிக்கால் அளவுக்கு வெள்ளையாக உப்பி நிற்கும். அதை விரலால் மெதுவாகத் திருகி எடுக்கும்போது மண்ணிலிருந்து ஒரு சூடான மூச்சு வரும். அந்த ஈரமும் இருட்டும் சேர்ந்து ஆளை அரைத்தூக்கத்தில் வைத்திருக்கும். கை வேலை செய்யும், மனம் தன்பாட்டுக்குப் பாலம் தாண்டி, மன்னாருக்குள் போய், பேசாலைக் கரையில் ஈரக்காலோடு நிற்கும்.

எனக்குப் பக்கத்துப் படுக்கையில் காளான் பிடுங்குகிறவர் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண். அவரும் பிள்ளைகளை விட்டு வந்தவர். வருடம் முழுக்கச் சவர்க்காரம், சொக்லேற், சப்பாத்து என்று சேர்த்து, டிசம்பரில் நத்தாருக்கு முன்னால் ஒரு பெரிய பெட்டியாக ஊருக்கு அனுப்புவார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் பாதி வழியில் சந்தித்துக்கொள்ளும். “நத்தாருக்கு நீ பிள்ளைகளுக்கு என்ன அனுப்புகிறாய்?” என்று ஒருநாள் கேட்டார். சம்பளம் வாடகைக்கும் வீட்டுச் செலவுக்கும் போனபிறகு மிச்சம் இல்லை என்பதை நான் முகத்தாலேயே சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றி, தன் போனில் ஒரு இணையத்தளத்தைக் காட்டினார். கேள்விக்குப் பதில் சொன்னால் புள்ளிகள். புள்ளிகள் சேர்ந்தால் கடையில் சாமான் வாங்க ஒரு அட்டை. “பதில் பிழைத்தால் வெட்டுவார்களா?” என்று கேட்டேன். மரிசெல் சிரித்தார். “இது சோதனை இல்லை. பிழையான பதில் என்று ஒன்றும் இல்லை.”

அந்த இணையத்தளத்தில் சேர்ந்த அன்று அது கேட்ட முதல் கேள்வி, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்பது. நான் யோசிக்கவில்லை. நான்கு என்று போட்டேன். அதிலே எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. பேசாலையில் கிராம சேவையாளரின் குடும்ப அட்டையில் இன்றைக்கும் நாங்கள் நான்கு பேர்தான். நான் இருக்கும் இந்த இடத்தை நாங்கள் யாருமே வீடு என்று சொல்வதில்லை. றூம் என்றுதான் சொல்வோம்.

அதற்கும் முன்னால் போனால், நான் வளர்ந்தது தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில். சண்டைக் காலத்தில் படகேறிப் போய், பிறகு ஊர் திரும்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. முகாமில் ‘செக்கிங்’ என்று ஒரு நாள் வரும். அதிகாரி மேசை போட்டு உட்காருவார். குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்க வேண்டும். பெயர் வாசிக்கும்போது ஆள் நேரில் நின்றால்தான் உதவிப்பணமும் அரிசியும். நிற்காவிட்டால் பெயரில் ஒரு கோடு. காய்ச்சல்காரரைத் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்துவார்கள். அம்மா என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “அசையாத, எண்ணப்போறாங்கள்” என்பார். ஆகவே யாராவது எத்தனை பேர் என்று கேட்டால், எங்கள் ஆட்கள் ஒருவரையும் விட்டுவிட மாட்டார்கள். முதலில் எல்லோரையும் எண்ணிக்கைக்குள் கொண்டுவந்து விடுவோம். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

நான்கு பேர் என்று போட்டதால், பிள்ளைகளைப் பற்றிய கேள்விகளாக வந்து குவிந்தன. எனக்குப் பதில் தெரியவில்லை. பிள்ளைகளுக்குப் பிடித்த நிறம் என்ன, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்கள், எதற்குப் பயம், பல் விளக்க அடம்பிடிப்பார்களா. ஒரு தகப்பனுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை. ஆகவே விடியற்காலையில், அங்கே அவர்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும் நேரத்தில், போன் எடுத்துக் கேட்பேன்.

“அப்பா, இண்டைக்கு என்ன கேள்வி?” என்று அனிற்றா ஓடி வருவாள்.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“பிட்டும் மீன் சொதியும்.”

“அது இதில இல்லையே பிள்ளை. ‘வேறு’ எண்டு போடுறன். ஐஞ்சில எத்தினை குடுப்பாய்?”

“மூண்டு.”

“எனக்கு ஐஞ்சு! எனக்கு எல்லாத்துக்கும் ஐஞ்சு!” என்று யூட் பின்னால் நின்று கத்துவான்.

அடுப்படியிலிருந்து றீற்றாவின் குரல் வரும். “இஞ்சேருங்கோ, உங்கட கொம்பனிக்காரன் என்ர சொதிக்கும் மார்க்ஸ் போடுறானோ? இவ்வளவு தூரத்தில இருக்கிற புருசனுக்கு நான் எத்தினை குடுப்பன் எண்டும் ஒருக்காக் கேக்கச் சொல்லுங்கோவன்.”

ஒருநாள் வீட்டில் வளர்ப்பு மிருகம் உண்டா என்ற கேள்வி வந்தது.

“ஓம், கழுதை” என்றான் யூட்.

“பொய் அப்பா! அது றோட்டுக் கழுதை. எங்கட வேலியில முதுகு தேய்க்க வாறது.”

“நான் பேர் வைச்சிருக்கிறன்தானே!”

“என்ன பேரடா?”

“சேர். எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்கிற சேரின்ர முகம் மாதிரியே இருக்கு அப்பா.”

பெயர் வைத்த பிறகு அது வீட்டு மிருகம்தானே. நான் ‘வேறு’ என்ற கட்டத்தில் கழுதை என்று எழுதினேன். அடுத்த வாரத்திலிருந்து குதிரைச் சேணம், காய்ந்த புல், லாய வேலி என்று கேள்விகள் வரத் தொடங்கின. என்னை ஏதோ பெரிய பண்ணைக்காரன் என்று நினைத்துவிட்டார்கள். இதைக் கேட்ட மரிசெல் சிரித்த சிரிப்பில் அவருடைய தட்டிலிருந்த காளான்கள் உருண்டு விழுந்தன.

இப்படிக் கேட்டுக் கேட்டு, சொல்லிச் சொல்லி, எனக்குள் ஒரு வீடு எழும்பத் தொடங்கியது. பிள்ளைகளின் அறையில் கம்பளம் உண்டா? உண்டு என்று போட்டேன். யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது? கடல் பக்கம். குளிர்காலத்தில் சூடு போதுமா? போதும். காளான் அறையில் ஊரும்போது அந்த வீட்டுக்குள் நடமாடுவேன். அது பேசாலையிலும் இல்லை, ஒன்ராறியோவிலும் இல்லை. முன்கதவைத் திறந்தால் முழங்கால் அளவுக்குப் பனி, பின்கதவைத் திறந்தால் வலை காயப்போட்ட மணல். கழுதைகள் காதில் பனித்தூள் படிய முற்றத்தில் நிற்கும். அனிற்றா உள்ளே எதையோ பாடிக்கொண்டிருப்பாள். யூட் ஈரக்காலோடு கம்பளத்தில் ஏறுவான், றீற்றா அதட்டுவாள். நான் காளானைத் திருகி எடுத்துத் தட்டில் வைப்பேன். எந்தக் கை எந்த நாட்டில் வேலை செய்கிறது என்று தெரியாமல் பொழுது போகும்.

அந்த நத்தாருக்கு அனிற்றா ஒரு சிறிய ஓர்கன் கேட்டிருந்தாள். கோயில் பாடகர் குழுவில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஓர்கனை முறை வைத்துப் பழகுகிறார்கள், அவளுடைய முறை வருவதற்குள் சிஸ்டர் பூட்டிவிடுகிறாராம். யூட்டுக்கு ஆணி வைத்த உதைபந்தாட்டச் சப்பாத்து. முதல் நத்தாருக்கும் ஒன்றும் அனுப்பவில்லை, அடுத்ததுக்கும் அனுப்பவில்லை. இந்த முறை அனுப்புவேன் என்று சொல்லியிருந்தேன். புள்ளிகள் சேர்ந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் தூறல் மழை குளத்தை நிரப்புகிற வேகத்தில்.

அப்போதுதான் அந்தப் பொதி வந்தது. ஒரு நிறுவனம் பிள்ளைகளின் படுக்கை அறைக்கு விளக்குச் செய்கிறதாம். பிள்ளைகள் சில நாட்கள் அதோடு தூங்க வேண்டும், பிறகு நிறுவனத்துப் பெண் ஒருவர் காணொளியில் வந்து பிள்ளைகளோடு பேசுவார். அதற்குத் தரும் புள்ளிகள் ஓர்கனுக்கும் சப்பாத்துக்கும் காணும். இரண்டு பிள்ளைகள் என்பதால் இரண்டு விளக்கு. சிரட்டையைக் கவிழ்த்ததுபோல இருந்தன. பொத்தானை அமத்தினால் இரவு வானம்போலக் கூரையெங்கும் வெள்ளிகள் பூத்து, மெதுவாகச் சுழலும்.

எனக்கு இதில் ஒரு தடையும் தெரியவில்லை. அந்த வாரங்களில் எனக்குப் பின்நேர வேலை. அவர்கள் படுக்கைக்குப் போகும் நேரம் எனக்குக் காலை. என்னோடு அறை வாடகையைப் பங்கிடும் தம்பி ஒருவர் இரவு வேலை முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்வார். அவரைக் குழப்பாமல், சுவரோடு கட்டிய உடுப்பு அலுமாரிக்குள் நான் போய்க் குந்திக்கொள்வேன். தொங்கும் சட்டைகளுக்கிடையில் விளக்கை ஏற்றிப் போனை மேலே பிடிப்பேன். அங்கே பாயில் படுத்துக்கொண்டு அவர்கள் என் அலுமாரிக்குள் சுழலும் வெள்ளிகளைப் பார்ப்பார்கள். “அப்பா, உங்கட சேட்டில ஒரு வெள்ளி நிக்குது” என்பான் யூட். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிடும். மூச்சுமட்டும் கேட்கும். பிள்ளைகள் விளக்கோடு தூங்கினார்களா என்ற கேள்விக்கு, ஆம் என்று மனச்சுத்தியோடு போட்டேன்.

பேச வேண்டிய நாள் வந்தது. அறைத் தம்பியின் போனை இரவல் வாங்கினேன். என் போனில் நிறுவனத்துப் பெண், மற்றதில் பிள்ளைகள். அனிற்றா தலை இழுத்து ரிபன் கட்டி, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதைப் பாடமாக்கி வைத்திருந்தாள். நிறுவனத்துப் பெண் முகம் நிறையச் சிரித்தார்.

“பிள்ளைகள் எங்கே?” என்றார். நான் மற்றப் போனைத் தூக்கிக் காட்டினேன்.

“பக்கத்து அறையிலா இருக்கிறார்கள்?”

“இல்லை. வீட்டில்.”

“அப்படியென்றால் நீங்கள்?”

“றூமில்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களும் மனைவியும் பிரிந்து வாழ்கிறீர்களா?”

“ஓம், பிரிந்துதான்” என்றேன். பெருமூச்சும் விட்டேன்.

“மன்னிக்க வேண்டும். அது கஷ்டம். வார இறுதியில் பிள்ளைகள் உங்களிடம் வருவார்களா?”

“விமானத்தில்தான் வர வேண்டும். நடுவில் கடல்.”

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கோபப்படவில்லை. குரலைத் தணித்து, நிறுவனத்தின் விதி ஒன்றை வாசித்தார். உங்களுடன் ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்தினர் மட்டுமே வீட்டார். மன்னிக்க வேண்டும், உங்கள் விபரத்தைத் திருத்தாமல் நான் போக முடியாது என்றார். பிறகு கேள்வியை மறுபடியும் கேட்டார். உங்களையும் சேர்த்து, அந்தக் கூரையின் கீழ் உங்கள் வீட்டில் எத்தனை பேர்?

“வன்” என்றேன். அவர் காத்திருந்ததால், “ஒன்லி மீ” என்றும் சொன்னேன்.

விளக்குகளை நீங்களே வைத்திருங்கள், இதுவரை சேர்ந்த புள்ளிகளும் உங்களுடையவை, இந்தச் சோதனைக்கு மட்டும் எதுவும் தர முடியாது என்று சொல்லி அவர் விடைபெற்றார். நான் மற்றப் போனைத் திருப்பிப் பார்த்தேன். அனிற்றா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளை. எழும்பிப் போனாள். கதிரை மட்டும் தெரிந்தது.

அடுத்த நாளிலிருந்து வேறு கேள்விகள் வந்தன. சவரக் கத்தி, பியர், ஒருவருக்கு அளவான சூப். அனிற்றா போனுக்கு வரவில்லை.

“என்ன சொன்னனீங்கள் அவளுக்கு?” என்றாள் றீற்றா. “ஓர்கன் வராதெண்டு கோவமாக்கும் எண்டு நினைச்சன். கேட்டா, அதுக்கில்லையாம்.”

யூட்தான் உடைத்தான். “அப்பா, அக்கா சொல்லுறா நாங்கள் உங்கட கணக்கில இல்லையாம். கழுதைச் சேரும் இல்லையோ?”

அன்று காளான் அறையில் எனக்கு எந்த வீடும் வரவில்லை. வெறும் மண் படுக்கைகள்தான் இருந்தன. முகாமில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் போட்ட கோட்டை, இங்கே என் வாயாலேயே போட வைத்துவிட்டார்களே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர்கனை இன்னொரு வருடம் வாங்கலாம். தகப்பன் தன்னை எண்ணாமல் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வளரக்கூடாது.

மறுநாள் றீற்றாவிடம், போனை அறைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். திரைச்சீலைக்குப் பின்னால் அனிற்றா இருக்கிறாள் என்று தெரியும். அந்தச் சீலையோடுதான் பேசினேன்.

“பிள்ளை, உன்ர அப்பப்பாவின்ர பேரையும் ஒருக்கா வெட்டினவங்கள். முகாமில எண்ணுற நாளில அவர் வெளியூரில பெயின்ற் அடிக்கப் போயிட்டார். பஸ் கிடைக்கேல்லை, வந்து சேரேல்லை. அவற்ற பேருக்கு மேல கோடு போட்டதை நான் கண்ணால கண்டனான். அப்ப எனக்கு உன்ர வயசு. இனி அப்பா இல்லாமப் போயிடுவாரெண்டு பயந்துபோய் முகாம் வாசல்ல நிண்டனான். பின்நேரம் வந்தார், முழங்கையெல்லாம் நீலப் பெயின்ற். தொட்டுப் பாத்தன். கையில ஒட்டிச்சுது.”

சீலை அசைந்தது. “அவர் அழுதவரோ?”

“இல்லை. குளிச்சிட்டு வந்து சோறு கேட்டவர். அம்மா போட்டவ. அரிசி குறைஞ்சதுதான், ஆனா சோத்துப் பீங்கான் ஒண்டும் குறையேல்லை.”

சீலையின் விளிம்பில் விரல்கள் தெரிந்தன. பிறகு, “அந்த லைற் ஆற்ற?” என்றாள்.

“உங்கட ரெண்டு பேரின்ரையும்தான்.”

“அப்ப தம்பின்ரையை அனுப்புங்கோ.”

“உன்ரையை?”

முகம் வெளியே வந்தது. ரிபன் இல்லை. மூக்கு சிவந்திருந்தது. “என்ரையை நீங்கள் வைச்சிருங்கோ. நத்தாருக்கு நான் தாறன். அலுமாரிக்குள்ள ஒளிச்சு வைக்காதேங்கோ.”

இருந்த புள்ளிகளுக்கு ஒரு கடை அட்டை கிடைத்தது. அதில் யூட்டின் சப்பாத்தை வாங்கினேன். அனிற்றாவுக்கு மிஞ்சிய காசில் ஒரு பாட்டுக்கொப்பியும் ரிபனும்தான் அடங்கின. மரிசெல் தன் பெட்டியிலிருந்து கொஞ்சம் சொக்லேற் எடுத்துத் தந்தார். எல்லாவற்றோடும் ஒரு விளக்கையும் வைத்துப் பொதி கட்டி அனுப்பினேன். நத்தாருக்கு முந்தின கிழமை அது போய்ச் சேர்ந்தது. சப்பாத்து ஒரு அளவு பெரிது. யூட் அதை மாட்டிக்கொண்டுதான் படுக்கிறானாம். ஓர்கன் போகவில்லை. அனிற்றா கோயிலில் வாயால் பாடினாள். றீற்றா போனைத் தூக்கிப் பிடித்தும் கூட்டச் சத்தத்தில் அவள் குரலை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

நத்தார் நாள் எனக்கு விடுமுறை. அங்கே இருட்டிவிட்டது, இங்கே விடிந்து பனி வெளிச்சம் நிலக்கீழ் அறையின் சின்ன யன்னலால் கொட்டியது. அறைத் தம்பி உறவினர் வீட்டுக்குப் போயிருந்தார். நான் கட்டில் போர்வையை உருவி யன்னலில் செருகினேன். அது நிற்கவில்லை. அதனால் யன்னலோடு சேர்ந்து உட்கார்ந்து, முதுகால் அதை அமத்திப் பிடித்துக்கொண்டு விளக்கை ஏற்றினேன். போனுக்குள் அவர்களும் ஏற்றினார்கள். என் கூரையிலும் அவர்களுடைய ஓட்டுக் கூரையிலும் ஒரே வெள்ளிகள் ஒரே வேகத்தில் சுழன்றன. இது உங்கட பக்கத்து வெள்ளியோ எங்கட பக்கத்து வெள்ளியோ என்று யூட் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கும் தெரியவில்லை.

முதுகில் இந்த நாட்டின் காலை குளிராக ஏறிக்கொண்டிருந்தது. முகத்துக்கு முன்னால் பேசாலையின் இரவு. கால் விறைத்து, நான் சற்றுச் சரிந்தேன், போர்வை விலகியது.

“அப்பா, அசையாதேங்கோ,” என்றாள் அனிற்றா. “வெளிச்சம் வருகுது.”

நான் அசையாமல் இருந்தேன்.